ஒரு வார்த்தை சொல்லி வைத்தார்கள்

மாரப்பன் குடும்பத்தில் யாரும் எந்த ஆபீஸுக்குள்ளும் சும்மா நுழைந்ததில்லை. முதலில் தெரிந்தவர் யாரையாவது பிடித்து ஒரு வார்த்தை சொல்லி வைப்பார்கள். கரண்ட் கனெக்‌ஷனா, குந்தா மின்நிலையத்தில் இருக்கிற வெள்ளியங்கிரி மூலமாக ஒரு வார்த்தை. பள்ளிக்கூட சீட்டா, தாளாளரின் மச்சானிடம் ஒரு வார்த்தை. ஆஸ்பத்திரிக்கு ஸ்கேன் எடுக்கப் போனால்கூட டோக்கன் கொடுக்கிறவருக்குப் போன் போட்டு, "நம்மாளுங்க வர்றாங்க" என்று சொல்லிவிட்டு, அதற்கப்புறம் எல்லாரையும் போல வரிசையில்தான் நின்றுவிட்டு வருவார்கள். என்ன பிரயோஜனம் என்று கேட்டால் மாரப்பனுக்குக் கோபம் வரும். ஊட்டி மார்க்கெட்டில் இத்தனை வருடம் ஹார்டுவேர் கடை நடத்திய மனிதர். சொல்லி வைக்காமல் ஒரு இடத்துக்குப் போவது அவருக்குச் செருப்பில்லாமல் ரோட்டில் இறங்குவது மாதிரி.

அந்தப் பழக்கம்தான் ஷண்முகப்ரியாவின் உயிரை வாங்கியது.

ஷண்முகப்ரியா அவருடைய ஒரே மகள். இருபத்தேழு வயது, பி.காம். படித்தவள். அவளுக்கு ஆட்டிசம் இருக்கிறது. படிப்பு முடிந்த வருடம் அவளே கோயமுத்தூரில் ஒரு டாக்டரைத் தேடிப் போய்த் தெரிந்துகொண்டு வந்தாள். சின்ன வயதிலிருந்து அவளைத் திமிர் பிடித்தவள், அழுத்தக்காரி, நாலு பேரோடு ஒட்டத் தெரியாதவள் என்று ஏசினார்களே, அதற்கெல்லாம் என்ன காரணம் என்று அன்றைக்குத்தான் அவளுக்கு விளங்கியது. அப்பாடா என்றிருந்தது. அந்த நிம்மதியோடு மலையேறி வந்து ஃபெர்ன்ஹில் வீட்டில் விஷயத்தைச் சொன்னால், வீட்டில் இழவு விழுந்த மாதிரி உட்கார்ந்துவிட்டார்கள்.

"வெளிய ஒருத்தருக்கும் தெரியக்கூடாது" என்றாள் அம்மா வேலாமணி. "ஜாதகம் வெளிய குடுத்திருக்குது. தெரிஞ்சா எவன் வருவான்?"

சரி, கல்யாணத்தை விடுங்கள். அது அவளுக்கு அவசரமில்லை. வேலைக்கு என்ன செய்வது? அங்கேதான் அவள் மாட்டிக்கொண்டு முழித்தாள்.

முதலில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க் வேலைக்குப் போனாள். நேர்மையாக இருப்போம் என்று இன்டர்வியூவிலேயே சொன்னாள். எதிரே உட்கார்ந்திருந்த தலைமையாசிரியை நாற்காலியை ஒரு சாண் பின்னால் தள்ளிக்கொண்டு, "கோவம் வந்தா கை நீட்டுவீங்களா?" என்று கேட்டார். அப்புறம், "சொல்லி அனுப்பறோம்" என்றார். இன்னும் சொல்லி அனுப்பிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

சரி, சொன்னால்தானே வம்பு என்று அடுத்த இடத்தில் வாயே திறக்கவில்லை. அது ஒரு ரிசார்ட், ரூம் புக்கிங் வேலை. குளிர்காலம் முழுக்க ஒழுங்காகத்தான் போனது. மே மாதம் சீசன் வந்தது. இந்தப் பக்கம் ரெண்டு போன் அடிக்க, அந்தப் பக்கம் கவுண்டரில் மணியைத் தட்ட, நடுவில் மேனேஜர் ஒரே மூச்சில் நாலு வேலை சொல்ல, அவளுக்குத் தலைக்குள் எல்லாம் ஒன்றாகிவிட்டது. துணி அடுக்கும் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தி, காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வெளியே வந்து காரணத்தைச் சொன்னாள். அன்று மாலையே கணக்கு முடித்து அனுப்பினார்கள். அனுப்பும்போது மேனேஜர் கேட்டார் பாருங்கள் ஒரு கேள்வி! "இதை முதல்லயே சொல்லியிருந்தா நாங்க பாத்து நடந்திருப்போமில்ல?"

அடப்பாவிகளா! முதலிலேயே சொன்ன இடத்தில் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்கள். சொல்லாத இடத்தில் ஏன் சொல்லவில்லை என்கிறார்கள். பிறகு எப்போதுதான் சொல்லித் தொலைப்பது? அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. அழுகைகூட வரவில்லை, அத்தனை எரிச்சல்.

அதனால்தான் மூன்றாவது இடத்துக்கு அவள் யோசித்துத் தயாரானாள். குன்னூரில் ஒரு தேயிலைக் கம்பெனியின் ஏற்றுமதி ஆபீஸ். கப்பலுக்குப் போகிற பில்லையும் பேக்கிங் லிஸ்ட்டையும் ஒத்துப் பார்க்கிற வேலை. அவள் ஆசைப்பட்ட வேலை. காகிதம் பேசாது, கத்தாது. இந்தத் தடவை சொல்வது என்று முடிவு செய்தாள். ஆனால் சும்மா வியாதி பேரைச் சொல்வது மாதிரி சொல்லக்கூடாது. என்ன இருக்கிறது, என்ன வேண்டும், என்ன தர முடியும் என்று மூன்றையும் சேர்த்து, அவளே, அவள் வாயால் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு வேண்டாமென்றால் போகட்டும். அடுத்தவர் சொல்லி, அடுத்தவர் புரிந்துகொண்டு, அது அவளிடம் வரும்போது வேறு ஏதோவாக ஆகியிருக்கக்கூடாது. குளிக்கிற ரூமில் குழாயைத் திறந்துவிட்டு ஒரு வாரம் சொல்லிப் பார்த்தாள்.

வேலாமணி முந்தின நாள் மகளைப் பிடித்துக்கொண்டாள். "அங்க போயி அதையெல்லாம் உளறி வெக்காதே அம்மணி. குன்னூர்ல சொன்னா சாயந்திரத்துக்குள்ள மேட்டுப்பாளையம் போயிரும்."

"நான் சொல்லத்தான்மா போறேன்."

"ஏனுங்க, கேட்டீங்களா இவ பேசறதை?"

மாரப்பன் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்கிறாரே, மனிதர் திருந்திவிட்டார் என்று ஷண்முகப்ரியா நினைத்தாள். அவள் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அவர் சொல்ல வேண்டியதை ஏற்கெனவே வேறு இடத்தில் சொல்லி முடித்திருந்தார்.

அவர் கடைக்குப் பக்கத்தில் ஜாகீர் பாய் கடை. அட்டைப்பெட்டி, டேப், சணல் கயிறு என்று தேயிலைக் கம்பெனிகளுக்கெல்லாம் சப்ளை செய்கிறவர். குன்னூர் ஆபீஸுக்கும் அவர்தான். மாரப்பன் அவரிடம், "என்ற பொண்ணு அங்க இன்டர்வியூவுக்கு வருதுங்க பாய். கொஞ்சம் ஒரு மாதிரி. பாத்துக்கச் சொல்லி ஒரு வார்த்தை போட்டு வைங்க" என்றிருக்கிறார். ஜாகீர் பாய் தங்கமான மனிதர், அதுதான் சிக்கலே. அவர் ஒரு வார்த்தையோடு நிறுத்துவாரா? மேனேஜர் கீர்த்திவாசனுக்குப் போன் போட்டு, நல்ல குடும்பம், பாவப்பட்ட பொண்ணு, மனசு சரியில்லாத பிள்ளை, பெத்தவங்க படுகிற பாடு சொல்லி மாளாது என்று உருகி ஊற்றிவிட்டார்.

இதெல்லாம் அவளுக்குத் தெரியாது. மறுநாள் காலை அப்பாவோடு குன்னூர் பஸ்ஸில் போனாள். கேட் வரைக்கும்தான் வருவேன் என்று சத்தியம் செய்திருந்தார். கேட்டுக்கு வந்ததும், பனியாக இருக்கிறதே என்று வராந்தா வரைக்கும் வந்தார். வராந்தாவில், கால் வலிக்கிறதே என்று ஹாலுக்குள் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். ஹாலில் ஏழெட்டு மேஜை, அதைத் தாண்டி மேனேஜர் ரூம். இன்டர்வியூவுக்கு வந்தவர்கள் வேறு மூன்று பேர். ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டு, பேசி, டெஸ்ட் எழுதப் பக்கத்து ரூமுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கடைசியாக அவள் முறை வந்தது. கதவைத் திறந்த ஆள், "சார் அப்பாவையும் கூட்டிட்டு வரச் சொன்னார்" என்றான்.

மேஜைகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் ஆச்சரியம் என்பது மருந்துக்கும் இல்லை. புரிந்துவிட்டது.

கீர்த்திவாசனுக்கு நாற்பது வயதிருக்கும். ஸ்வெட்டர், கண்ணாடி, நல்ல மனிதர் என்று எழுதி ஒட்டின முகம். எழுந்து மாரப்பனுக்கு நாற்காலி போட்டார். அவளைப் பார்த்து ரொம்பப் பெரிதாகச் சிரித்தார். ஒவ்வொரு எழுத்தாக, உரக்க, "உங்க... பேரு... என்னம்மா?" என்றார்.

"உங்க கையில இருக்கற பயோடேட்டாவுல முதல் வரியே அதுதானுங்க சார்."

அவர் மாரப்பன் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்கப்புறம் இன்டர்வியூ மாரப்பனுக்குத்தான் நடந்தது.

"நல்லா சாப்புடுவாங்களா?"

"சாப்பாட்டுல குறையே இல்லீங்க."

"ராத்திரி தூக்கம்?"

"படுத்தா காலையிலதானுங்க."

"மருந்து ஏதாச்சும் எடுக்கறாங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க. சின்ன வயசுல ஒரு காய்ச்சல் வந்துச்சு. அதுல கொஞ்சம் கூச்ச சுபாவம் ஆயிருச்சு. இப்பத் தேவலைங்க."

எந்தக் காய்ச்சல்? ஷண்முகப்ரியாவுக்கு அப்படி ஒரு காய்ச்சல் வந்ததாக இன்றைக்குத்தான் தெரியும். அவள் ரெண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். ரெண்டு பேரும் அவளைத் தாண்டிப் பேசினார்கள். சந்தையில் மாடு விலை பேசுகிறவர்கள்கூட நடுவில் ஒரு தடவை மாட்டைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

"இப்பிடி இருக்கறவங்க கணக்குல புலின்னு சொல்வாங்களே?" என்றார் கீர்த்திவாசன் ஆசையோடு. "எந்தத் தேதி சொன்னாலும் கிழமை சொல்லிருவாங்களாமே?"

"எனக்கு போன்ல பாத்தாத்தான் தெரியும் சார்" என்றாள் அவள்.

அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். சமாளித்துக்கொண்டு மறுபடி மாரப்பனிடம், "ஜாகீர் பாய் எல்லாம் சொன்னார். நீங்க கவலைப்படாதீங்க. நான் ஏற்பாடு பண்ணிட்டேன். டெஸ்ட்டெல்லாம் வேண்டாம், பாவம். நம்ம ஷோரூம் பின்னாடி கிஃப்ட் பாக்ஸ் கட்டற வேலை இருக்கு. ரிப்பன் சுத்தி ஒட்டணும், அவ்வளவுதான். டென்ஷனே இல்ல. சம்பளம் கொஞ்சம் கம்மி. நம்ம கம்பெனி ஃபேஸ்புக் பக்கத்துல ஒரு போட்டோவும் போடலாம், நாலு பேருக்கு நல்ல முன்னுதாரணமா இருக்கும்" என்றார்.

மாரப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டார். "ரொம்பச் சந்தோஷமுங்க. இது போதுமுங்க."

போதுமாம்! யாருக்குப் போதும்? ஒரு வாரம் குழாயைத் திறந்துவிட்டுச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாளே, அதில் ஒரு வார்த்தைகூட இன்னும் வெளியே வரவில்லை. அதற்குள் அவள் கதையை எழுதி, முடித்து, ரிப்பனும் சுற்றிவிட்டார்கள். இப்படியே விட்டால் இந்த வேலை போகும். அடுத்ததும் போகும். ஆயுசு முழுக்க யாரோ அவளைப் பற்றி யாரிடமோ பேசிக்கொண்டிருப்பார்கள், அவள் நடுவில் உட்கார்ந்திருப்பாள்.

"அப்பா" என்றாள். "நீங்க வெளிய போயி உக்காருங்க."

மாரப்பனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் செத்துவிட்டது. பெற்ற மகள், மூன்றாம் மனுஷர் முன்னால், அப்பனை எழுந்து போ என்கிறாள். அவர்கள் சாதிசனத்தில் இதைக் கேட்டால் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அவளுக்கும் அப்பாவைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. பாவம் பார்த்தால் ரிப்பன்தான் சுற்ற வேண்டும்.

"போங்கப்பா. நான் பேசிட்டு வர்றேன்."

அவர் எழுந்தார். மேனேஜரைப் பார்த்து, தப்பா எடுத்துக்காதீங்க என்கிற மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு வெளியே போனார்.

கதவு சாத்தியதும் அவள் மேஜையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தாள். "சார், எனக்கு ஆட்டிசம் இருக்குது. காய்ச்சல் எல்லாம் வரலை, பிறவியிலிருந்தே இருக்குது. பேசறப்ப நான் மூஞ்சியப் பாக்கறது கம்மி, ஆனா காதுல எல்லாம் விழும். நான் வந்தது பில் செக் பண்ற வேலைக்கு. ரிப்பன் கட்ட வரலை. எனக்கு மூணு விஷயம் வேணும். கதவுக்கும் போனுக்கும் தள்ளி ஒரு மேஜை. வேலை எதுவானாலும் மெசேஜ்ல எழுதிச் சொல்லோணும். நடுவுல மாத்துனா, மாத்துனதையும் எழுதோணும். இது கிடைச்சா மத்தவங்க செய்யறதை நானும் செய்வேன். தப்பு வந்தா மத்தவங்களைக் கேக்கற மாதிரி என்னையும் கேளுங்க."

கீர்த்திவாசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்தத் தடவை சாதாரணக் குரலில் பேசினார். "ஜாகீர் பாய் சொன்னதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையேம்மா."

"அவருக்கு நான் சொல்லலைங்க சார்."

"உங்க நல்லதுக்குத்தான் டெஸ்ட் வேண்டாம்னேன்."

"வெளிய மூணு பேருக்குக் குடுத்தீங்களே, அதை எனக்கும் குடுங்க."

"அதுல ஃபெயிலாயிட்டா?"

"ஃபெயிலானா அவங்களை மாதிரியே நானும் பஸ் ஏறிப் போறேன் சார். அதுல என்ன இருக்குது?"

அவர் பேப்பரை எடுத்துக் கொடுத்தார்.

டெஸ்ட் ஒன்றும் அதிசயமாக எழுதிவிடவில்லை. பில்லுக்கும் லிஸ்ட்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கிற பகுதியில் ஒன்றைத் தவற விட்டாள். ஆங்கிலக் கடிதம் சுமார்தான். கீர்த்திவாசன் நாலு பேர் பேப்பரையும் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். மற்ற மூவரில் இருவரை அனுப்பிவிட்டு, ஒரு பையனையும் அவளையும் எடுத்துக்கொண்டார். ரெண்டு பேருக்கும் ஒரே சம்பளம், ஆறு மாதம் பார்ப்போம் என்றார். மூலையில் ஒரு மேஜை இருக்கிறது, எழுதிச் சொல்வதும் கஷ்டமில்லை, ஆனால் சீசனில் ஆள் குறைந்தால் போன் எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றார். அவள் யோசித்துவிட்டு, ஒரு நேரத்தில் ஒரு போன் என்றால் எடுக்கிறேன் என்றாள். அவளுக்குச் சந்தோஷத்தில் காது சூடாகிவிட்டது.

"இன்னொண்ணு" என்றார் அவர். "ஆபீஸ்ல மத்தவங்களுக்கு நான் சொல்லிரட்டுமா?"

"வேண்டாம் சார். நானே சொல்லிக்கறேன். எப்பச் சொல்றது, யாருக்குச் சொல்றதுன்னு நான் பாத்துக்கறேன்."

"சரி. நான் வாயே திறக்கலை."

பாருங்கள், இது எவ்வளவு பெரிய விஷயம்! வேலையைவிடப் பெரிது. அதை வாங்கிக்கொண்டு அவள் கதவைத் திறந்து ஹாலுக்கு வந்தாள்.

ஹாலில் எல்லா மேஜையும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

பெஞ்சில் மாரப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். டீ கொடுக்கிற ஆயம்மாள் அவர் பக்கத்தில் நின்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முன் மேஜைப் பெண் கீர்த்தனா எழுந்து வந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, குழந்தையிடம் பேசுகிற மாதிரி, "பயப்படாதீங்க. நாங்க யாரும் உங்களைத் திட்டவே மாட்டோம்" என்றாள். ஆயம்மாள் ஒரு டம்ளர் டீயும் நாலு பிஸ்கட்டும் கொண்டு வந்து, "குடி கண்ணு" என்றாள்.

"அப்பா, என்ன சொன்னீங்க?"

"நான் ஒண்ணும் தப்பாச் சொல்லலை அம்மணி" என்றார் மாரப்பன். "நீயே உள்ள சொல்லியிருப்ப. அப்புறம் என்ன ஒளிக்கறதுன்னு, நானும் இவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லி வெச்சேன். புள்ளைக்கு ஆட்டிசம், பச்சக்கொழந்தை மாதிரி, பாத்துக்கங்கன்னு."

ஐயோ, கடவுளே! அஞ்சு வருஷம் ஊரே பார்க்காமல் பூட்டி வைத்தார்கள். பூட்டைத் திறந்த அன்றைக்கே தெருவில் கொட்டிவிட்டார்கள். ரெண்டுக்கும் நடுவில் அவளுக்கென்று ஒரு நிமிஷம் விட்டார்களா? அவளுக்கு அங்கேயே உட்கார்ந்து ஓவென்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் பச்சைக்குழந்தை என்பது உறுதியாகிவிடும்.

கையைக் கீர்த்தனாவிடமிருந்து மெல்ல உருவிக்கொண்டாள். சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "எங்கப்பா சொன்னதுல ஆட்டிசம்ங்கற பேரு மட்டும்தான் சரி. மீதி தப்பு. நான் குழந்தை இல்லை. நாளையிலிருந்து உங்க கூட வேலை பாக்கப் போறேன். தப்புப் பண்ணுனா திட்டுங்க. ரெண்டு சத்தம் ஒண்ணாக் கேட்டா எனக்கு எதுவுமே கேக்காது, தலைக்குள்ள வலிக்கும். அதனால பேசறவங்க ஒவ்வொருத்தராப் பேசுங்க. திடீர்னு கையைப் புடிக்காதீங்க, பிடிக்காது. நான் சிரிக்கலைன்னா கோவம்னு அர்த்தமில்லை, சிரிக்க மறந்துட்டேன்னு அர்த்தம். வேற ஏதாச்சும் தெரியோணும்னா அப்பாவைக் கேக்காதீங்க. என்னையக் கேளுங்க."

கீர்த்தனா தன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். ஆயம்மாள் தட்டைப் பார்த்தாள்.

"அப்ப பிஸ்கட்?" என்றாள்.

"பிஸ்கட் வேணும்" என்றாள் ஷண்முகப்ரியா.

திரும்பிப் போகப் பஸ்ஸுக்காக நின்றார்கள். பனி இறங்கி ரோடு தெரியாமல் கிடந்தது. மாரப்பன் மஃப்ளரை அவிழ்த்தார், கட்டினார், மறுபடி அவிழ்த்தார்.

"தலைக்குள்ள வலிக்கும்னியே" என்றார் கடைசியில். "ரெண்டு சத்தம் சேந்தா."

"ஆமாங்கப்பா."

"இத்தனை இருக்குதுன்னு எங்ககிட்ட நீ ஒரு நாளும் சொல்லவே இல்லையே, அம்மணி."

அவள் முதல் தடவையாக அவர் கண்ணை நேராகப் பார்த்தாள்.

"எத்தனையோ தடவை சொன்னேம்ப்பா. நான் ஆரம்பிச்சதுமே பக்கத்து ஊட்டுக்குக் கேக்குதுன்னு நீங்க எந்திரிச்சுப் போயி ஜன்னலைச் சாத்துவீங்க. சாத்திட்டு வந்து டிவி சத்தத்தைக் கூட்டி வெப்பீங்க."